குதிரை பாக்க வாறவைக்குப் பாதை, விறகு பொறுக்கிறவைக்கு வழக்கோ?

தீவகத்தைப் பற்றி மேடையில் பேச எழும்புகிற எவரும் இப்போது ஒரு வசனத்தைத் தவற விடுவதில்லை. "சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்க இருக்கு?" என்பதுதான் அந்த வசனம். பிறகு பட்டியல் வரும். நெடுந்தீவில் நடைபாதை, சைக்கிள் பாதை, குதிரை பார்க்க ஒரு கொட்டில், கடற்கரையில் வாங்கு, இடைக்கிடை பெயர்ப் பலகை. கேட்க நல்லாத்தான் இருக்கும். அதே கிழமைப் பேப்பரின் இன்னொரு மூலையில் வேறொரு செய்தி கிடக்கும். அனுமதியில்லாமல் தறித்த பனங்குற்றிகளோடு உழவு இயந்திரம் பிடிபட்டது என்று ஒரு சின்னப் படமும் நாலு வரியும்.

இந்த இரண்டையும் நாங்கள் வேறு வேறு பக்கத்தில்தான் வாசிக்கிறம். ஆனால் ரெண்டும் ஒரே கேள்வி. பொதுக்காணியில் நிற்கிற மரத்தில் இருந்து யார் எதை எடுக்கலாம்? ஒருத்தர் வளையும் சிலாகையும் எடுக்கிறார், இன்னொருத்தர் காட்சியை எடுக்கிறார். முதலாவது ஆளுக்கு வழக்கு, இரண்டாவது ஆளுக்கு வரவேற்பு என்று முடிவெடுக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும் என்பதுதான் எங்கட கட்சி.

"காடு" என்ற சொல்லே தீவுப்பக்கம் கொஞ்சம் சிரிப்புத்தான். சிங்கராஜா மாதிரி வானத்தை மூடின மரங்கள் இங்கே இல்லை. நெடுந்தீவில் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது பனையும் தொலைபேசிக் கோபுரமும். மிச்சம் எல்லாம் இடுப்பளவுப் பற்றை, ஈச்சை, புல்வெளி, முருகைக்கல் அடுக்கின மதில்கள். ஆனால் சட்டத்துக்கு அது காட்டிலும் பெரிய விஷயம். 2014 ஒக்டோபரில் வட மாகாணத்துக்கு என்று ஒரு ஒருங்கிணைந்த சூழல் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. போருக்குப் பிறகு எங்கே கட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று வரைபடம் போட்டுப் பிரிக்கிற வேலை. அதையொட்டி 2015 ஜூன் 22 அன்று நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக வர்த்தமானியில் வந்தது. சுண்டிக்குளமும், மடு வீதியும், ஆதாம் பாலமும் அதோடு சேர்ந்து வந்தவை. நெடுந்தீவுப் பூங்காவின் அளவு 1846 ஹெக்டேயர். தீவு முழுக்கவே 50 சதுர கிலோமீற்றர் அளவுதான். அதாவது தீவின் மூன்றில் ஒன்றுக்கும் மேலான நிலம் ஒரே நாளில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கைக்குப் போனது.

தேசிய பூங்கா என்ற சொல்லுக்கு 1937 ஆம் ஆண்டு தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தில் இறுக்கமான அர்த்தம் இருக்கு. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். போவது விலங்கையும் மரத்தையும் பார்க்கவும் படிக்கவும்தான். செடி கொடி வெட்ட ஏலாது. யால, வில்பத்து மாதிரி இடங்களை மனதில் வைத்து எழுதின சட்டம் அது. ஆறு கிராம சேவையாளர் பிரிவில் நாலாயிரம் பேரளவில் இருக்கிற, வீட்டுப் படலையில் இருந்து பாத்தால் பூங்கா எல்லை தெரிகிற ஒரு தீவுக்கு அந்தச் சட்டையைப் போட்டால் எங்கேயோ இறுக்கத்தான் செய்யும்.

இறுக்குகிற இடம் அடுப்படி. நெடுந்தீவில் காஸ் சிலிண்டர் படகில்தான் வரவேணும். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலக் கடல். காற்றுக் கடுமையான நாளில் அதுவும் இல்லை. அதனால் காவோலை, பன்னாடை, ஊமல், காய்ந்த பற்றை என்று எது கிடைத்தாலும் அடுப்புக்குத்தான். மாடும் ஆடும் மேய்வது அதே வெளியில்தான். கூரைக்கு வளை வேணுமென்றாலும் கிட்ட நிற்கிற மரம் பனைதான்.

எங்கட குழுவில் ஏழு பேர் போன வருசம் அங்கே நடந்து திரிந்தபோது, தெற்குப் பக்க வெளியில் ஒரு அம்மா காவோலை கட்டிக்கொண்டு நின்றா. நாங்கள் குதிரையைப் படம் எடுத்துக்கொண்டு நின்றம். அவ கூப்பிட்டுச் சொன்னா: "பிள்ளையள், குதிரைய வடிவா எடுங்கோ. என்ர முகம் மட்டும் விழாமல் பாருங்கோ. பிறகு ஆரும் பாத்தா ஏன் வில்லங்கம்?" அவவுக்கு அந்த வெளியில் எத்தனை ஒற்றையடிப் பாதை இருக்கு, எந்தக் கிணத்தில் எந்த மாதம் மட்டும் தண்ணி நிக்கும் என்று எல்லாம் தெரியும். அன்றைக்குத்தான் முதல் தரம் அந்த மண்ணில் கால் வைத்த எங்களுக்கு ஒரு பயமும் இல்லை. பயம் முழுக்க அவவுக்குத்தான். இந்தக் கட்டுரையை எழுத வேணும் எண்டு நினைச்சது அந்த இடத்தில்தான்.

ஒரு பழைய கதையையும் சேர்த்துப் பார்க்க வேணும். இன்றைக்கு நாங்கள் "காட்டுக் குதிரை" என்று பார்க்கிற குதிரைகள் ஒருகாலத்தில் அரசாங்க வியாபாரம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவைக் குதிரை வளர்க்கிற பட்டியாக வைத்திருந்தவை. ஆங்கிலேயர் காலத்திலும் கொஞ்ச நாள் அது ஓடினது. பனை மரமும் அப்படித்தான். 1697 இல் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொமாண்டராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் தான் இல்லாத நேரத்தில் நிர்வாகம் நடத்துகிறவைக்காக எழுதி வைத்துப் போன குறிப்பில் யானை, குதிரை, சாயவேர், பனை மரம் எல்லாம் கணக்கு வழக்கோடு ஒரே வரிசையில் வருகிற சரக்குகள். யாழ்ப்பாணத்துப் பனஞ்சிலாகை கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பலில் போனது. ஊர்காவற்றுறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயரே யானை ஏற்றுகிற துறை என்ற கருத்தில் வந்தது. ஆகவே தீவகத்து நிலம் எண்டைக்கும் "இயற்கையாக" சும்மா கிடந்ததில்லை. யாரோ ஒருத்தர் தூரத்தில் இருந்துகொண்டு அதில் என்ன எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கினம். அண்டைக்குச் சிலாகை, இண்டைக்கு செல்ஃபி.

இனி மரத்துப் பக்கம். பனையை மரமாக எடுக்கிறதைப் பற்றி எங்கட தலைமுறைக்குச் சரியான படம் இல்லை. பனை என்றால் நுங்கு, ஒடியல், கள்ளு, ஊரின் அடையாளம், போஸ்டரில் ஒரு நிழலுருவம். எங்கட தாத்தாமாருக்கு அது முதலில் வீட்டு மரம். வளை, சிலாகை, கிணத்துத் துலா, ஆடுகால் எல்லாம் பனை. வைரம் ஏறின பனை கறையானுக்கும் உப்புக் காற்றுக்கும் நிண்டு பிடிக்கும். தீவுக்கு அது பெரிய விஷயம். ஏனெண்டால் கடல் காற்றில் இரும்பு அரிக்கிற வேகத்தைக் கடற்கரை வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே விளங்கும். போர்க்காலத்தில் இதே உறுதிதான் பனைக்கு எமனாக வந்தது. பங்கர் மூடவும் அரண் கட்டவும் எல்லாத் தரப்பும் தறித்தது பனையைத்தான். ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனைகள் நிண்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் பனை தறிக்கிற சத்தம் கேட்டாலே எங்களுக்கு நெஞ்சு அடிக்கும். அந்த உணர்ச்சி நியாயம். ஆனால் உணர்ச்சியை வைத்து ஒரு வீட்டுக் கூரை போட ஏலாது.

எங்கட குழுவுக்குள்ளேயே இதில் பெரிய சண்டை நடந்தது. ஒரு பாதி, "தீவகத்தில் ஒரு பனையும் தறிக்கக் கூடாது, முழுத் தடை போட வேணும், நடைபாதையும் சுற்றுலாவும் வந்தால் மரம் நிண்டுகொண்டே காசு தரும்" என்றது. புங்குடுதீவுக்காரி ஒருத்தி கேட்டாள்: "உங்கட நல்லூர் வீட்டுக் கதவு நிலை என்ன மரம்?" தேக்கு. "எங்க இருந்து வந்தது?" மரக்காலையில் இருந்து. "மரக்காலைக்கு எங்க இருந்து வந்தது?" அதுக்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தீவில் பனையைத் தடுத்தால் தீவார் மரமில்லாமல் வீடு கட்டப்போவதில்லை. வன்னிக் காட்டு மரமோ, கப்பலில் வந்த மரமோ, இல்லாட்டி இரும்போ அந்த இடத்துக்கு வரும். கண்ணுக்கு முன்னால் நிற்கிற மரத்தைக் காப்பாற்றிப்போட்டு, கண்ணுக்குத் தெரியாத காட்டில் கணக்கை எழுதுகிறது பாதுகாப்பு இல்லை.

அதுக்காக "தறியுங்கோ" என்று விடவும் ஏலாது. பனையின் பிரச்சினை காலம். தமிழ்நாட்டில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிற விவசாயி நாலைந்து வருசத்தில் வெட்டி, காகித ஆலைக்கோ சாரம் கட்டுகிறவருக்கோ விற்றுவிட்டு, திரும்ப நடுகிறார். நட்டவரே வெட்டுகிறார். பனை பூக்கவே பதினைந்து வருசம் அளவில் எடுக்கும். வைரம் ஏறி வளைக்கு வர இன்னும் பல பத்து வருசம். நட்டவர் வெட்டுவதில்லை, அவரின் பிள்ளையும் பெரும்பாலும் வெட்டுவதில்லை. ஆகவே பனையில் "அறுவடை" என்ற சொல் சரியாகப் பொருந்தாது. தறிக்கிற ஒவ்வொரு மரமும் பூட்டன் போட்டு வைத்த காசை எடுக்கிறது மாதிரி. எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் திரும்பப் போடுகிறவர் யார், எந்தக் காணியில் போடுகிறார் என்று கேட்காமல் எடுக்கக் கூடாது.

சட்டம் இதைப் பார்க்கிற விதம் வேடிக்கையானது. 1951 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பெண்பனை! காய்க்கிற மரத்தைக் காப்பாற்றுகிறது நோக்கம், விளங்குது. ஆனால் ஆண்பனை இல்லாட்டிப் பெண்பனையில் காய் எப்படிப் பிடிக்கும் என்று எழுதினவைக்கு யாரும் சொல்லவில்லைப் போல. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கு. பனை ஆணா பெண்ணா என்று பூத்த பிறகுதான் தெரியும். அதுவரை, அதாவது முதல் பதினைந்து வருசம், அது வெறும் வடலி. காணி துப்புரவாக்க ஜேசிபி வந்தால் முதலில் போகிறது வடலிதான். குப்பைக்கு வைத்த நெருப்புப் பரவினாலும் போகிறது வடலிதான். தறித்த பனைக்கு வழக்கு இருக்கு, எரிந்த வடலிக் கூடலுக்கு ஒரு கணக்கும் இல்லை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்த காலத்தில் இருந்து விதை நடுகிற விழாக்களுக்குக் குறைவில்லை. மாணவர்கள், ஆமி, சங்கம், வங்கி எல்லாரும் நட்டிருக்கினம். நாங்களும் நட்டு, படமும் எடுத்துப் போட்டிருக்கிறம். நடுகிறது லேசு. ஒரு பனங்கொட்டையை மண்ணில் போட்டால் அது தன்பாட்டில் முளைக்கும். பதினைந்து வருசம் நெருப்பிலும் ஜேசிபியிலும் இருந்து காப்பாற்றுகிறதுதான் வேலை, அதுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வராது.

தமிழ்நாடு 2021 இல் முதல் தடவையாகப் போட்ட தனி வேளாண் வரவு செலவுத் திட்டத்தில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. ஆண், பெண் பாகுபாடு அதில் இல்லை. நாங்களும் எழுபது வருசப் பழைய சட்டத்தைத் திருத்துகிற நேரம் வந்திட்டுது.

சரி, பாதைப் பக்கத்துக்கு வருவம். எங்களுக்கு நடக்கப் பிடிக்கும். நடைபாதைக்கு நாங்கள் எதிரி இல்லை. இப்ப நெடுந்தீவில் நடக்கிற சுற்றுலாவைவிட அது எவ்வளவோ மேல். இப்ப நடக்கிறது என்ன? காலைப் படகில் வந்து மாவிலித்துறையில் இறங்குவினம். ஒரு பிக்கப்போ ஓட்டோவோ பிடித்து ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், ஆலமரம், வளருகிற கல், பெரிய பாதம் என்று ஒரு சுற்று. குதிரையைக் கிட்டப் பார்க்க வேணும் என்று வாகனத்தைப் புல்வெளிக்குள் விடுவினம். குதிரை ஓடும், வாகனம் பின்னால் போகும், வீடியோ நல்லா வரும். பின்னேரப் படகுக்கு ஓட்டம். இறங்குதுறைப் பக்கமாக இருக்கிற குமுதினிப் படுகொலை நினைவிடத்தில் 1985 மே 15 என்ற திகதியை வாசிக்கக்கூட அந்த அவசரத்தில் நேரம் இல்லை. தீவில் விழுகிற காசு வாகனக்காரருக்கும் ரெண்டு மூன்று சாப்பாட்டுக் கடைக்கும். புல்வெளியில் விழுகிறது சக்கரத் தடமும் தண்ணிப் போத்தலும். ஆடி, ஆவணி வறட்சியில் குதிரைகள் தண்ணிக்குத் தவிக்கிற காலத்தில் அதுகளைத் துரத்தி ஓடவைக்கிறது பாவம் மட்டுமில்லை, சில வேளை உயிர்ச்சேதமும்தான்.

நயினாதீவு இன்னொரு பாடம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருகிற கூட்டம் எவ்வளவு பெரிசு என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டம் ரெண்டு இறங்குதுறைக்கும் கடை வீதிக்கும் நடுவிலேயே வந்து போய்விடும். தீவின் மற்றப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவைக்குத் தெரியாது. ஆள் வந்தால் ஊர் வளரும் என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

ஆக, நடந்து திரிகிற, தங்கி நிற்கிற, மெதுவாகப் பார்க்கிற ஆட்கள் வந்தால் நல்லம்தான். மலையகத்தில் பீக்கோ ட்ரெயில் என்று ஒன்று வந்திருக்கு. கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல். அதில் புதிதாக வெட்டின பாதை கொஞ்சம். மிச்சம் தோட்டத் தொழிலாளர் கொழுந்துக் கூடையோடு நடந்து நடந்து உண்டாக்கின வழி, பழைய வண்டிப் பாதை, புகையிரதப் பாதைக் கரை. இருக்கிற பாதையைப் பாவித்தது நல்ல யோசனை. ஆனால் எங்களுக்கு ஒரு கேள்வி நெருடிக்கொண்டே இருக்கு. அந்த வழியை இருநூறு வருசமாக நடந்து உண்டாக்கின சனத்துக்கு லயத்துக்குப் பக்கத்தில் சொந்தக் காணி இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. அதே வழிக்கு இப்போது வரைபடமும் அடையாளக் கம்பும் இருக்கு. பாதைக்குப் பெயர் கிடைக்கிறதும் நடந்தவருக்கு உரிமை கிடைக்கிறதும் ஒரே விஷயம் இல்லை.

விறகுக்கும் நடைபாதைக்கும் நேருக்கு நேர் மோதல் வந்து, ஓரளவுக்குத் தீர்த்த இடம் நேபாளத்தின் அன்னபூர்ணா. மலையேற வருகிறவர்களுக்குச் சமைக்கவும் குளிக்க வெந்நீர் வைக்கவும் காடு கரைந்துகொண்டு போனது. 1986 இல் தொடங்கின பாதுகாப்புத் திட்டம் ஊராரை வெளியே தள்ளவில்லை. அதைத் தேசிய பூங்கா என்று சொல்லாமல் பாதுகாப்புப் பிரதேசம் என்று வேறு வகையாக வைத்தது. வருகிற ஆளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி அதை அங்கேயே செலவழித்தது. சில பாதைகளில் பயணிகளும் விடுதிக்காரரும் விறகு எரிக்கக் கூடாது, மண்ணெண்ணெய்தான் என்று விதி போட்டது. கவனியுங்கோ, விறகுத் தடை முதலில் விழுந்தது விருந்தாளியின் வெந்நீரில். எங்கட பக்கம் தலைகீழ். விருந்தாளிக்கு வாங்கு போடுகிறதுக்கு முன்னாலேயே வீட்டுக்காரியின் காவோலைக்கு எல்லை போட்டாச்சு.

அமெரிக்காவில் 1960 இல் ஒரு சட்டம் வந்தது. தேசியக் காடுகளை வெளிப்புறப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர், காட்டுயிரும் மீனும் என்று எல்லாத்துக்கும் சேர்த்து நிர்வகிக்க வேணும் என்று. எல்லாத்தையும் ஒரே வரியில் எழுதிப்போட்டு, மோதினால் எது முந்தும் என்று சொல்லாமல் விட்டினம். அறுபது வருசம் தாண்டியும் அங்கே மரம் வெட்டுகிறவரும் மலை சைக்கிள்காரரும் கோர்ட்டில் நிற்கினம். நாங்கள் அதைவிடச் சின்ன இடம், ஆளை ஆள் தெரிந்த இடம். கொஞ்சம் நேர்மையாகக் கதைத்தால் இதைவிட நல்லாச் செய்யலாம்.

நாங்கள் கேட்கிறதை ஒளிக்காமல் சொல்லுறம். நெடுந்தீவுத் தேசிய பூங்காவின் எல்லையைத் திரும்பப் பார்க்க வேணும். குதிரைகளின் மேய்ச்சல் வெளியும் தண்ணி நிலைகளும் இறுக்கமான பாதுகாப்பில் இருக்கட்டும். குடிமனைக்கு ஒட்டின பகுதியைச் சரணாலயம் என்ற வகைக்கு மாற்றலாம். அது அதே சட்டத்துக்குள் இருக்கிற வகைதான், தனியார் காணியும் குடியிருப்பும் அதுக்குள் இருக்கலாம். சுண்டிக்குளம் 1938 இல் இருந்து 2015 வரை சரணாலயமாகத்தானே இருந்தது. விழுந்த காவோலையும் காய்ந்த பற்றையும் எடுக்கிறதைக் குற்றமாகப் பார்க்கிறதில் சூழலுக்கும் லாபமில்லை. கோடையில் நெருப்புப் பிடிச்சால் முதலில் எரிகிறது அந்தக் காவோலைக் குவியல்தான்.

பூங்காவுக்கு வெளியே நிற்கிற அரச காணிப் பனைகளை, ஆண், பெண், வடலி என்று கிராம சேவையாளர் பிரிவு வாரியாக எண்ண வேணும். எண்ணுகிறதுக்கு ஆளில்லை என்று சொல்லாதேங்கோ, எங்கட கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவை ஒரு விடுமுறையில் முடிச்சுத் தருவினம். எண்ணின பிறகு, முதிர்ந்ததும் தலை போனதுமான மரங்களுக்குக் குறி போட்டு, வருசத்துக்கு இத்தனை என்று வரையறுத்து, முதலில் தீவில் வீடு கட்டுகிறவைக்குக் கொடுக்கலாம். தீவை விட்டு மரம் வெளியே போகிறதைத்தான் இறுக்க வேணும். இப்பவும் பெருந்தொகையாகப் போகிறது அந்த வழியால்தான் என்பது எங்கட ஊகம். ஒரு கூரைக்கு ரெண்டு மரம் தறிக்கிறவரால் பனங்கூடல் அழியாது. மரக்காசு பொதுத் திறைசேரிக்குள் போய்க் காணாமல் போகாமல், அதே பிரிவில் வடலி காக்கிற ஆளுக்குச் சம்பளமாகப் போக வேணும். கோடை நாலு மாதத்துக்கு நெருப்புக் காவல் ஒன்று போட்டாலே, நூறு விதை நடுகை விழாவைவிடக் கூடப் பனை மிஞ்சும்.

பாதை விஷயத்தில் புதிசாக ஒரு அடி வெட்டக் கூடாது. முருகைக்கல் மதிலுக்கு நடுவால் போகிற ஒழுங்கைகள் உலகத்தில் வேறெங்க கிடைக்கும்? கொங்கிறீட் கல் பதிச்சு, ரெண்டு கரையிலும் பிளாஸ்ரிக் வேலி போட்டு, சோலர் விளக்கும் வைச்சால் அது யாழ்ப்பாண ரவுணில் இருக்கிற எந்த நடைபாதையும் ஆகிவிடும். மாடு போகிற வழியும் விறகு போகிற வழியும்தான் நடைபாதை. நடக்கிறவர் மாட்டுக்கு ஒதுங்கி நிற்க வேணும், மறுவளமாக இல்லை. புல்வெளிக்குள் மோட்டார் வாகனம் வேண்டாம், சைக்கிளும் காலும் போதும். ஓட்டோக்காரருக்கு நட்டம் வரும் என்பது நியாயமான பயம். அவைக்கு வழிகாட்டி அனுமதியில் முதலிடம் கொடுத்தால், கோட்டை வரைக்கும் வாகனம், அதுக்குப் பிறகு அவரே கூட நடந்து கதை சொல்லுகிறவர் என்று மாற்றலாம். வறட்சி உச்ச மாதங்களில் குதிரை வெளியை வெளியாட்களுக்கு மூடியே விடலாம். காரைநகர்க் கசூரினாவுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும், அந்தக் கடற்கரைக்குப் பெயர் கொடுத்ததே சவுக்கு மரம், நிழல் தருவதும் அதுதான். உலகம் முழுக்கக் கம்புக்கும் விறகுக்கும் நடுகிற மரம், இங்கே ஒரு கடற்கரைக்கு உயிர். மரத்தை எதுக்குப் பாவிக்கிறது என்பது மரத்தில் எழுதியிருக்கிற விஷயம் இல்லை, பக்கத்தில் இருக்கிற சனம் தீர்மானிக்கிற விஷயம்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்கலாம். 2025 செப்டெம்பர் 1 அன்று மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நட்டார். எங்களில் பாதிப்பேர் கிரிக்கெட் பைத்தியங்கள், கைதட்டினவர்கள்தான். ஆனால் சதுப்பும் கண்டலும் இருக்கிற அந்த நிலத்தைப் பற்றிச் சூழல்காரர் கேட்ட கேள்விகள் கல் நாட்டின பிறகுதான் பெரிசாக வெளியில் வந்தன. கல் நாட்டின பிறகு கேட்கிற கேள்விக்கு மதிப்பில்லை. நெடுந்தீவு நடைபாதைக்கு இன்னும் கல் நாட்டவில்லை.

ஒரு சின்ன விஷயத்தோடு நிப்பாட்டுறம். தீவகச் சுற்றுலா பற்றி ஆலோசனைக் கூட்டம் வைக்கிறதென்றால் அதை யாழ்ப்பாணத்து ஹோட்டலில் வையாதேங்கோ. நெடுந்தீவில் வையுங்கோ. வைக்கிறதென்றாலும் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிற கணக்கில் வையாதேங்கோ. அந்த நேரத்தில் கடலுக்குப் போனவர் கடலில், மாடு சாய்த்தவர் வெளியில், காவோலை கட்டினவ இன்னும் பாதி வழியில். ஒரு இரவு அங்கே தங்கி, இருட்டின பிறகு, சனம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகு கூட்டத்தைத் தொடங்குங்கோ.